மூன்று, நான்கு, ஐந்து, ஏழு

அந்த பிக்கப்பைச் சங்கிலியில் கட்டி இழுத்துத்தான் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். 2002 பெப்ரவரி. ஸ்காபரோவில் இரண்டு நாளாகப் பனி கொட்டியிருந்தது. 1990ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-150, ஐந்து லீற்றர் வி8, முன்னுக்குப் பனி தள்ளுகிற தகடு. நாலு பேராக உள்ளே தள்ளிவிட்டு மூடியைத் திறந்ததும் பெற்றோல் மணம் கராஜ் முழுக்கப் பரவியது. மேலே எரிந்துகொண்டிருந்த காஸ் ஹீற்றரை நிறுத்தச் சொல்லிவிட்டு, குளிரோடு குளிராகக் கதவையும் திறந்து வைத்தேன். வேறு எதையும் பார்ப்பதற்கு முதல் செய்யவேண்டிய வேலை அது.

"ஒருக்கா ஸ்ராட் ஆகுது அண்ணை. உதறி உதறி ஒரு அரை நிமிஷம் நிக்கும். பிறகு கறுப்புப் புகை. பிறகு ஒண்டுமில்லை" என்றான் வண்டிக்காரத் தம்பி. முப்பது வயது இருக்கும். பனிக்காலத்தில் கடைகளின் வாகனத் தரிப்பிடங்களைத் துப்புரவாக்கும் ஒப்பந்தம் எடுத்திருந்தான். பனி கொட்டும் நேரத்தில் வண்டி நின்றால் ஒப்பந்தமும் நிற்கும்.

"எஞ்சினை ஆர் மாத்தினது?"

"நானும் மச்சானும்தான். வீட்டு டிரைவ்வேயிலை வைச்சு மாத்தினனாங்கள். ஒவ்வொரு வயருக்கும் நம்பர் எழுதி ஒட்டிப்போட்டுத்தான் கழட்டினனாங்கள். பாருங்கோ."

பார்த்தேன். எட்டுப் பிளக் வயரிலும் வெளிறிய ஒட்டுநாடா சுற்றி, ஒன்றிலிருந்து எட்டு வரை ஒழுங்கான எழுத்தில் எழுதியிருந்தது. டிஸ்ரிபியூற்றர் மூடியிலும் அதே எண்கள். காற்றுக் குழாய்களுக்கும் அப்படியே. பழைய எஞ்சினில் பெயாரிங் போய்விட்டதால், உடைந்த வாகனங்கள் விற்கும் யாட் ஒன்றில் இன்னொரு ஐந்து லீற்றர் எஞ்சினை வாங்கியிருக்கிறார்கள். இன்ரேக், இன்ஜெக்ரர்கள், டிஸ்ரிபியூற்றர், வயர்க்கட்டு எல்லாம் பழையதிலிருந்து மாற்றிப் பூட்டியவை. "அதுவும் எஃப்-150 இலை இருந்து கழட்டினதெண்டுதான் யாட்டிலை சொன்னவங்கள்" என்றான். தொழில் பழகாத இரண்டு பேர் இவ்வளவு கவனமாகச் செய்த வேலையை நான் அதிகம் கண்டதில்லை. அந்தக் கவனத்தை நம்பியதால்தான் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நான் தொழில் பழகியது பெற்றோல் கிடைக்காத ஊரில். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. எங்கள் கராஜுக்கு வந்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஊசிக் குழாயாலோ சின்னப் போத்தலாலோ காபரேற்றர் வாயில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இரண்டு துளி குறைந்தால் பற்றாது. இரண்டு துளி கூடினால் காசு வீண். எனக்குத் தொழில் காட்டிய பெரியவர் அந்தப் போத்தலைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினின் பெரிய நோய், எரியாத எண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் இறங்குவது. ஒயில் தண்ணீராகி பெயாரிங்கைத் தின்றுவிடும். அதனால் எந்தக் கார் வந்தாலும் பெரியவர் முதலில் ஒயில் கம்பியை உருவி மூக்கருகே பிடிப்பார். அடுத்தது பிளக். ஒரு பலகையில் நாலு ஓட்டை போட்டு எண் எழுதி வைத்திருந்தார். எந்தச் சிலிண்டரில் கழற்றிய பிளக்கோ அந்த ஓட்டையில் நிற்கவேண்டும். மாற்றி வைத்தால் கையில் அடி விழும். "பிளக்கைக் குவிச்சுப் போட்டியெண்டால் எஞ்சின் சொன்னதை நீ கேக்கேல்லை" என்பார்.

எஃப்-150 இன் ஒயில் கம்பியை உருவினேன். அளவுக்கோட்டுக்கு மேல் இரண்டு விரல் ஏறியிருந்தது. மணம், பதினேழு வயதில் நான் அறிந்த அதே மணம், மண்ணெண்ணெய்க்குப் பதில் பெற்றோல். இந்த ஒயிலோடு இனி ஒருமுறைகூடச் சுழற்றக்கூடாது. ஒயிலையும் ஒயில் வடிகட்டியையும் மாற்றினோம். ஃபோர்டில் மோதல் நடந்தால் பெற்றோல் பம்பை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று காலடிப் பக்கத்தில் இருக்கும். அதன் இணைப்பைக் கழற்றி, பற்றவைக்கும் கொயிலையும் பிரித்துவிட்டு, எட்டுப் பிளக்கையும் எடுத்து ஸ்ராட்டரைச் சுழற்றினோம். ஓட்டைகளிலிருந்து பெற்றோல் புகாராகப் பறந்தது. இதைச் செய்யாமல் சுழற்றினால், சிலிண்டரில் தேங்கிய திரவம் நெரிபடாமல் இணைப்புத் தண்டை வளைத்துவிடும். கொயிலைப் பிரிக்க மறந்தால் அந்தப் புகாருக்கு நெருப்புப் பிடிக்கும்.

எங்களோடு அப்போது பள்ளிக்கூடத்தின் கோஒப் திட்டத்தில் ஒரு பெடியன் தொழில் பழக வந்துகொண்டிருந்தான். இங்கேயே பிறந்தவன். பிளக்குகளைக் கழற்றியவன் அவன்தான். எட்டையும் ஒரு தகரப் பேணியில் போட்டு என் கையில் தந்தான். நாலு பளபளவென்று நனைந்திருந்தன, நாலு கரி பிடித்துக் காய்ந்திருந்தன. எது எந்தச் சிலிண்டர் என்று நான் கேட்கவில்லை. பெரியவர் சொல்லித்தந்ததை எனக்குப் பிறகு வந்தவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. அவசரத்தில் துடைத்துக் காயவைத்தோம்.

பெற்றோல் கூடினால் இன்ஜெக்ஷன் எஞ்சினில் சந்தேகப்பட ஒரு வழக்கமான வரிசை உண்டு. அதன்படி போனேன். அழுத்தத்தை ஒழுங்காக்கும் ரெகுலேற்றரின் உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. அது கிழிந்தால் பெற்றோல் காற்றுக் குழாய் வழியே இன்ரேக்குக்கு நேரே போகும். குழாயைக் கழற்றி முகர்ந்தேன், காய்ந்திருந்தது. இன்ஜெக்ரர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் குழாயில் சைக்கிள் வால்வு மாதிரி ஒரு முனை உண்டு. அதில் மீற்றரைப் பூட்டினேன். குழாய் கழன்ற நிலையில் 39 பிஎஸ்ஐ, எஞ்சின் ஓடிய அந்த அரை நிமிடத்தில் குழாய் பூட்டியபடி முப்பதுக்குக் கொஞ்சம் மேல். திரும்பும் குழாய் நசுங்கியிருந்தால் அழுத்தம் எங்கேயோ ஏறியிருக்கும். நசுங்கவில்லை. இன்ஜெக்ரர்களைக் குழாயோடு தூக்கி வைத்து பம்பை ஓடவிட்டுப் பார்த்தோம். எட்டில் ஒன்றுகூடச் சொட்டவில்லை.

பிறகு தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சர். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் நான் அதிகம் கண்ட பிழை இதுதான். ஃபோர்டில் இரண்டு இருக்கும். ஒற்றை வயர் உள்ளது டாஷ்போர்ட் முள்ளுக்கு, இரட்டை வயர் உள்ளது கொம்பியூட்டருக்கு. கொம்பியூட்டருக்குப் போகிற வயர் அறுந்திருந்தால், வெளியே நாற்பது பாகை உறைகுளிர் என்று நம்பி அது பெற்றோலை வாரி இறைக்கும். அளந்தேன். 20 பாகையில் 37 ஆயிரம் ஓம். புத்தகத்தில் உள்ளதே.

இப்படியாக முதல் நாள் போனது.

இரண்டாம் நாள் நெருப்புப் பக்கம் வந்தேன். எட்டு வயரிலும் பொறி நீலமாக அடித்தது. கம்பிரெஷன் எட்டிலும் நன்றாக இருந்தது. ஸ்பவுட் என்று சொல்லும் சின்ன இணைப்பைக் கழற்றிவிட்டு முதலாம் வயரில் ரைமிங் லைற்றைப் பிடித்தேன். மேல்முனைக்கு 10 பாகை முன், மயிரிழை பிசகாமல். எதைத் தனித்துக் கேட்டாலும் "நான் சரி" என்றது.

வக்கூம் மீற்றர் மட்டும் ஒத்துவரவில்லை. நல்ல எஞ்சின் சும்மா ஓடும்போது 18, 20 அங்குலம் காட்டும். இது பத்தைச் சுற்றி நடுங்கியது. எங்கேயோ காற்று ஒழுகுது என்று நினைத்து இன்ரேக் விளிம்பெல்லாம் தேடினேன். ஒழுக்கில்லை. இந்த வண்டியில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கிற கருவி கிடையாது. இன்ரேக்கில் உள்ள வக்கூமை வைத்துத்தான் கொம்பியூட்டர் காற்றைக் கணக்குப் பண்ணுகிறது. வக்கூம் குறைந்தால் பாரம் ஏற்றி மேடு ஏறுகிறார்கள் என்பது அதன் கணக்கு. உடனே பெற்றோலைக் கூட்டும். ஆக எஞ்சின் பலமிழந்தால் வக்கூம் இறங்கும், வக்கூம் இறங்கினால் பெற்றோல் கூடும், கூடிய பெற்றோலில் நல்ல சிலிண்டர்களும் கரி பிடித்துச் சோரும். பெற்றோல் கூடுவதற்குக் காரணம் பெற்றோல் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

விளங்காமல் போனதற்குக் காரணம் ஒரு கோட். அந்தக் காலத்து ஃபோர்டில், முள் உள்ள வோல்ற் மீற்றரைப் பூட்டி முள் எத்தனை தரம் அடிக்கிறது என்று எண்ணியே கோடைப் படிக்கலாம். நாலு அடி, ஒரு இடைவெளி, ஒரு அடி. 41. எக்ஸோஸ்ற்றில் உள்ள ஒட்சிசன் சென்சர் "பெற்றோல் குறைவு" என்கிறது! கண் எரிய எரியப் பெற்றோல் மணக்கும் வண்டியில். சென்சர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, வண்டிக்காரத் தம்பியின் காசில் புதிது வாங்கிப் பூட்டினேன். கராஜ் சூட்டில் எஞ்சின் இரண்டு நிமிடம் உதறிக்கொண்டு நின்றது. புதுச் சென்சரும் அதையேதான் சொன்னது. கீழே குனிந்து பார்த்த பெடியன் "அங்கிள், கீழை சிவப்பா இருக்கு!" என்று கத்தினான். புகை வடிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் கொல்லன் உலையில் கிடந்த இரும்பாகச் சிவந்திருந்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

அந்த இரவு கட்டிலில் கிடந்து யோசித்தேன். ஒட்சிசன் சென்சருக்குப் பெற்றோலைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒட்சிசன் ஒன்றுதான். ஒரு சிலிண்டரில் பெற்றோலும் காற்றும் போய், நெருப்புப் பிடிக்காமல் அப்படியே வெளியே வந்தால், செலவாகாத ஒட்சிசனும் அதோடு வரும். சென்சர் அதைக் கண்டு காற்றுக் கூடிப்போச்சு என்று சொல்லும், கொம்பியூட்டர் பெற்றோலை இன்னும் கூட்டும். எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குள் போய் எரியும், அது சிவக்கும். பழைய சென்சரும் பொய் சொல்லவில்லை. சில சிலிண்டர்களில் நெருப்பே பிடிக்கவில்லை. எந்தச் சிலிண்டர்கள்? அதற்கான பதிலை முதல் நாளே ஒரு தகரப் பேணியில் கலந்து துடைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பெடியனைக் கூப்பிட்டு, ஒரு மட்டைப் பெட்டியில் இரண்டு வரிசையாக எட்டு ஓட்டை குத்தச் சொன்னேன். ஃபோர்டில் வலப்பக்கம் முன்னிருந்து பின்னுக்கு 1, 2, 3, 4. இடப்பக்கம் 5, 6, 7, 8. காய்ந்த பிளக்குகளைப் பூட்டி, இருபது செக்கன் ஓடவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி அதனதன் ஓட்டையில் நிறுத்தினான். ஏன் அப்படி வைக்கவேண்டும் என்று கேட்டான். யாழ்ப்பாணத்துப் பலகையின் கதையைச் சொன்னேன்.

நனைந்தவை 3, 4, 5, 7. காய்ந்தவை 1, 2, 6, 8. இடையில் ஒன்றுமில்லை. நனைந்தது முழுக்க நனைந்திருந்தது.

ஒரு பக்கத்துச் சிலிண்டர்களாக இருந்தால் வயர்க்கட்டில் பழுது எனலாம். இது அங்கே இரண்டு, இங்கே இரண்டு. பெட்டி மூடியில் இந்த எஞ்சினின் ஃபயரிங் ஓடரை எழுதினேன். 1-5-4-2-6-3-7-8. நனைந்த எண்களைச் சுற்றி வட்டம் போட்டேன். 5உம் 4உம் பக்கத்துப் பக்கத்தில். 3உம் 7உம் பக்கத்துப் பக்கத்தில். அந்த இரண்டு சோடியையும் இடம் மாற்றி எழுதினால் 1-3-7-2-6-5-4-8. அது எனக்குத் தெரிந்த வரிசை. 351 வின்ட்சர் எஞ்சினின் வரிசை. 1982இல் மஸ்ராங்குக்கு வந்த ஐந்து லீற்றர் எச்.ஓ. எஞ்சினுக்கும் அதுவே. வெளித்தோற்றத்தில் பிக்கப்பின் ஐந்து லீற்றரும் அதுவும் ஒன்றுதான். வேறுபடுவது உள்ளே சுழலும் காம் ஷாஃப்ற்.

கணக்கு எவ்வளவு கொடூரமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். இரண்டு வரிசையிலும் 1, 2, 6, 8 ஒரே இடத்தில் இருக்கின்றன. அதனால் நாலு சிலிண்டர் வேலை செய்யும், வண்டி ஸ்ராட் ஆகும். நான் ரைமிங் பார்த்தது முதலாம் வயரில். அது இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே லைற் "சரி" என்றது. மற்ற நாலும் வரிசையில் நாலு படி தள்ளி நிற்கின்றன. வி8இல் ஒரு படி என்பது கிராங்க் 90 பாகை சுற்றுவது. நாலு படி முழுதாக ஒரு சுற்று. அந்த நேரத்திலும் பிஸ்ரன் மேலேதான் நிற்கும், ஆனால் எரிந்த புகையைத் தள்ளிவிட்டு மேலே வந்திருக்கும். பொறி அடிக்கும்போது உள்ளே நெரித்து வைத்த பெற்றோல் காற்று இல்லை. ஒரு சுற்றுக்குப் பிறகு அது நெரிந்து காத்திருக்கும்போது பொறி இல்லை. இன்ரேக்குக்குள் இடைக்கிடை "டப்" என்று கேட்டதும் இதனால்தான். திறக்கத் தொடங்கிய வால்வு வழியே நெருப்பு மேலே பாய்ந்திருக்கிறது.

எழுதிப் பார்த்ததை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது. பிளக்குகள் கழன்றே கிடந்தன. பெடியனை மூன்றாம் ஓட்டையில் கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். முதலாம் சிலிண்டரை நெரிவின் உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டு, கிராங்க் முனையில் பெரிய சாவியைப் பூட்டிக் கையால் மெதுவாகக் கால் சுற்றுச் சுற்றினேன். பழைய காம் என்றால் அடுத்து நெரிவது ஐந்து.

"தள்ளுது அங்கிள்" என்றான். கட்டைவிரல் ஓட்டையை விட்டு எழும்பியது. அவன் முகம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. மூன்று நாளாக எந்தக் கருவியும் சொல்லாததை அவனுடைய விரல் சொல்லிவிட்டது.

டிஸ்ரிபியூற்றர் மூடியில் நாலு வயரை இடம் மாற்றினேன். 5 இருந்த இடத்தில் 3, 4 இருந்த இடத்தில் 7, அவை இருந்த இடங்களில் இவை. இந்த பிக்கப்பில் இன்ஜெக்ரர்கள் நாலு நாலாக இரண்டு கூட்டமாகப் பெற்றோல் தெளிப்பவை. மஸ்ராங்கில் போல ஒவ்வொன்றாக ஃபயரிங் ஓடரைப் பின்பற்றித் தெளிப்பதில்லை. அதனால் கொம்பியூட்டரைத் தொடவேண்டிய தேவை வரவில்லை. நனைந்த எஞ்சினை எழுப்புவதற்குப் பெடலை அடிவரை மிதித்தபடி ஸ்ராட்டரைச் சுழற்றவேண்டும். காபரேற்றர் பழக்கத்தில் பலர் பெடலைக் குத்திக் குத்தி அடிப்பார்கள், இன்ஜெக்ஷனில் அதனால் பலனில்லை. அடிவரை மிதித்துப் பிடித்தால்தான் கொம்பியூட்டர் பெற்றோலை நிறுத்தி வெறும் காற்றை உள்ளே விடும். அப்படிச் சுழற்றி, காலைத் தளர்த்தினேன். எட்டும் ஒன்றாகப் பிடித்தது. கொஞ்ச நேரம் வெள்ளையும் கறுப்புமாகப் புகைந்து பிறகு தெளிந்தது. வக்கூம் முள் 18இல் போய் நின்றது.

பெடியன் துள்ளினான். நான் எஞ்சினை நிறுத்தினேன். எச்.ஓ. என்றால் இன்னொன்றும் இருக்கும். 1985இலிருந்து அந்த எஞ்சின்களில் உருளை வைத்த லிஃப்ரர்களும் உருக்குக் காமும் வந்தன. காமின் பல்லில் பூட்டுகிற டிஸ்ரிபியூற்றரின் பற்சக்கரமும் உருக்காக இருக்கவேண்டும். பிக்கப்பின் பழைய டிஸ்ரிபியூற்றரில் இருப்பது வார்ப்பிரும்பு. உருக்கோடு உரசினால் வார்ப்பிரும்பு மாவாகத் தேய்ந்துவிடும். ரைமிங் பின்வாங்கும், அந்த இரும்புத் தூள் ஒயிலோடு எங்கும் போகும். உருவிப் பார்த்தேன். பூட்டிய பிறகு மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஓடாத எஞ்சின், அதற்குள் பல் விளிம்புகள் வெள்ளையாக மினுங்கின. மஸ்ராங்கின் முழு டிஸ்ரிபியூற்றரைப் பூட்டவும் முடியாது. அதன் உள்ளே முதலாம் சிலிண்டரை அடையாளம் காட்ட ஒரு தகடு மட்டும் ஒடுக்கமாக இருக்கும், பிக்கப்பின் கொம்பியூட்டருக்கு எல்லாத் தகடும் ஒரே அகலமாக வேண்டும். பற்சக்கரத்தை மட்டும் உருக்கில் வாங்கி, பழைய உயரத்தை அளந்து, அழுத்திப் பூட்டி, ஊசி அடித்தோம். இதைச் செய்யாமல் வயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் வண்டி அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

பின்னேரம் தம்பி வந்தான். நடந்ததை விளங்கப்படுத்தினேன். ஒட்சிசன் சென்சர் தேவையில்லாமல் போட்டது என் பிழை, அந்தக் காசைக் கணக்கில் கழித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவன் நெடுநேரம் தன் ஒட்டுநாடா எண்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப நாங்கள் நம்பர் போட்டது பிழையே அண்ணை?"

"இல்லைத் தம்பி. நீங்கள் போட்டது அச்சொட்டாச் சரி. பழைய எஞ்சினுக்கு."

பெடியன் ஒட்டுநாடாக்களைக் கழற்றிப் போட்டுவிட்டு வெள்ளை நிற எழுதுகோல் ஒன்றைக் கொண்டுவந்தான். வலப்பக்க வால்வு மூடியைத் துடைத்து, இனி யார் மூடியைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், எட்டு எண்களையும் பெரிதாக எழுதினான். மறுபடி பனி தொடங்கியிருந்தது. தம்பி போகிற போக்கில் தகட்டை இறக்கி எங்கள் வாசலிலிருந்த பனியையும் தெரு வரைக்கும் தள்ளிவிட்டுப் போனான்.